கொப்பியில் ஏறாத கூலி

1958ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையின் உழைப்பாளிகளைத் தொட்டிருக்க வேண்டியவை. ஒன்று, பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். மற்றது, ரீ.பீ. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்தபோது வந்த 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். முன்னது வயலுக்கு, பின்னது கடைக்கும் ஆலைக்கும் காரியாலயத்துக்கும். முன்னதைப் பற்றி நமது பகுதியில் பேச்சும் வழக்கும் நிறையவே இருந்தன. பின்னது சத்தமில்லாமல் வந்தது. சத்தமில்லாமலே பல கடைகளின் வாசலோடு நின்றும் விட்டது. ஏன் நின்றது என்று கேட்டால் முதலாளிமார் பலரிடம் ஒரே பதில்தான் வரும்: "அது கவுண்மேந்துக்குக் கட்டுற வரிதானே."

வரி என்ற அந்தச் சொல்லிலேதான் பிழை தொடங்குகிறது. அதைப் பார்க்குமுன், சட்டம் வருவதற்கு முன்னர் இங்கே கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. எழுவான்கரையின் முஸ்லிம் ஊர்களில் வசித்த போடிமார் பலருக்கு வயல் அக்கரையில் இருந்தது. போடியாருக்குக் கீழே முல்லைக்காரன், அவனுக்குக் கீழே வயற்காரர். முல்லைக்காரன் தமிழனாகவும் இருப்பான், முஸ்லிமாகவும் இருப்பான். விதைப்பு முதல் சூடு மிதிப்பு வரை வயற்காரனின் சாப்பாடு, முற்பணம், வருத்தம் வந்தால் மருந்து எல்லாமே போடியாரின் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் முற்பணம் கழிக்கப்பட்டு மிச்சம் நெல்லாகக் கிடைக்கும். போடியாருக்கென ஒதுக்கிய முத்தெட்டில் வயற்காரன் செய்யும் வேலை தனிக் கணக்கு. இந்த முறையைப் பொற்காலமாகக் காட்டும் எழுத்துகள் நம்மிடையே உண்டு. நான் அப்படிக் காட்ட மாட்டேன். முற்பணத்தின் சுமையால் போகத்துக்குப் போகம் ஒரே போடியாரிடம் கட்டுண்டு கிடந்தவர்கள் ஏராளம். நெற்காணிச் சட்டம் குத்தகையாளனை எழுப்பிவிட முடியாதபடி காத்தது; பங்குக்கு வரம்பு விதித்தது. ஆனால் கூலிக்கும் பங்குக்கும் நடுவே நின்ற நமது வயற்காரன் 'குத்தகையாளன்' என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்கவில்லை.

எனினும் அந்தப் பழைய முறையில் ஒன்று இருந்தது. கூலி களத்திலே அளக்கப்பட்டது. பொலி குவிந்து கிடக்கும். மரைக்கால் ஏறி இறங்குவதை முல்லைக்காரனும் மற்ற வயற்காரரும் அயல் வயல்காரனும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறைத்து அளந்தால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எழுத்து இல்லை, ஆனால் சாட்சி இருந்தது.

கூலி களத்தை விட்டுக் கடை லாச்சிக்குள் போனபோது அந்தச் சாட்சி காணாமற் போயிற்று. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வர்த்தகர்கள் புடைவைக் கடை, பலசரக்குக் கடை, அரிசி ஆலை என்று விரிந்த காலத்தில் கடைக்குப் பையன் தேவைப்பட்டான். அவன் யார்? தங்கச்சியின் மகன், மச்சானின் தம்பி, அடுத்த தெரு விதவைத் தாயின் மூத்த பிள்ளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வந்து கடையிலேயே படுத்து, முதலாளி வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தான். சம்பளம் என்று ஒரு தொகையை யாரும் பேசவில்லை. பெருநாளைக்கு உடுப்பு, உம்மாவுக்குச் செலவுக்குக் காசு, வயது வந்ததும் "கலியாணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கு. அந்த வாக்கை நிறைவேற்றிய முதலாளிமார் உண்டு, பலர் உண்டு. அவர்களை இங்கே குறைத்து எழுதுவது என் நோக்கமல்ல. ஆனால் அந்த உறவுக்குச் சாட்சி இரண்டே பேர்தான்: கொடுத்தவரும் வாங்கியவரும். கொடுத்தவர் மௌத்தானால் ஒருவர்.

இனி, சட்டத்தின் பக்கம் வருவோம்.

ஆங்கிலேயர் இங்கே முதலில் இயற்றிய வேலைச் சட்டங்கள் வேலைகொள்வோனின் பக்கமே சாய்ந்திருந்தன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுப் போகும் வேலையாளைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. கூலி குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டம் பேசத் தொடங்கியது 1927இல். அதுவும் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்காக மட்டும். இதற்கிடையே கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் 1923இல் பொதுவேலைநிறுத்தத்தையும் 1929இல் ட்ராம் வேலைநிறுத்தத்தையும் நடத்தி முடித்திருந்தது. 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அரசாங்க சபைக் காலத்தில் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1934இல் வேலையாள் நட்டஈடு, 1935இல் தொழிற்சங்கம், 1938இல் கடைகளின் வேலைநேரம், 1939இல் பிரசவ நலன், 1941இல் சம்பளச் சபைகள். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம்தான் அவற்றுள் பெரியது. ஒவ்வொரு தொழிலுக்கும் வேலைகொள்வோர், தொழிலாளர், அரசு நியமித்தோர் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்து குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் ஏற்பாடு அது. பின்னர் நெல் குற்றும் தொழிலுக்கும் சம்பளச் சபை வந்தது. நமது அரிசி ஆலைக்காரர்கள் அன்று முதலே சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். அதை அறிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

இந்த வரலாற்றில் முஸ்லிம்கள் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூகசேவை அமைச்சராக இருந்தவர் ரீ.பீ. ஜாயா. மலையகத் தோட்டத் தொழிலாளரின் சங்கங்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் அப்துல் அஸீஸ். கல்விக்கும் அரசியலுக்கும் ஜாயாவை நினைவுகூரும் நாம், அவர் வகித்த அமைச்சின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

1954இல் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு, வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை, வருடாந்த விடுமுறை. ஊழியனுக்கு நியமனக் கடிதம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பளப் பதிவேடு வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறந்து இஷாவுக்குப் பின்னர் பூட்டும் நமது கடைத்தெருவின் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! நோன்பு மாதத்தின் கடைசிப் பத்தில் ஸஹர் வரை திறந்திருக்கும் புடைவைக் கடைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதிலே பொருள் வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

அதன் பின்னர் 1958. இலங்கரத்ன வெறும் அரசியல்வாதியல்லர். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக இருந்து 1947 வேலைநிறுத்தத்தில் உத்தியோகத்தை இழந்தவர். அதே வேலைநிறுத்தத்தில்தான் ஜூன் 5ஆந் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். இலங்கரத்ன நாவலாசிரியரும்கூட, 'அம்ப யஹலுவோ' அவருடையது. அரச ஊழியனுக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் கடையில் முப்பது வருடம் நின்றவனுக்கு என்ன உண்டு? அந்தக் கேள்விக்குச் சட்டம் சொன்ன விடைதான் சேமலாப நிதி. தொடக்கத்தில் ஊழியன் நூற்றுக்கு நான்கு, முதலாளி ஆறு. இன்று ஊழியன் எட்டு, முதலாளி பன்னிரண்டு. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் மேலும் மூன்று கட்ட வேண்டும். அறவிடுவதும் வழக்குத் தொடர்வதும் தொழில் திணைக்களத்தின் வேலை. சேமலாப நிதியின் பணத்தைக் காப்பது மத்திய வங்கி. ஆண் ஐம்பத்தைந்து வயதிலும் பெண் ஐம்பது வயதிலும் எடுத்துக்கொள்ளலாம்.

'நம்பிக்கைப் பொறுப்பு' என்ற சொல்லைச் சட்டத்தைத் தமிழில் பெயர்த்தவர் எங்கிருந்து எடுத்தாரோ! நமது பேச்சிலே அதற்கு அமானிதம் என்று பெயர்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 2016இல்தான் நாடு முழுவதற்குமான தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாயிற்று. அன்று மாதம் 10,000 ரூபா. 2021இல் 12,500, 2024இல் 17,500 என்று உயர்ந்து, 2025 ஏப்ரல் முதல் 27,000 எனவும் 2026 ஜனவரி முதல் 30,000 எனவும் ஆக்கப்பட்டது. முப்பதாயிரம் ரூபா வாங்கும் சிப்பந்தியின் சம்பளத்திலிருந்து 2,400 கழியும். முதலாளி தன் கையிலிருந்து 3,600ஐயும் 900ஐயும் போட வேண்டும். தன் பங்கான 3,600ஐச் சிப்பந்தியின் சம்பளத்தில் கழிக்க முதலாளிக்கு உரிமையில்லை. மொத்தம் 6,900 ரூபா மாதந்தோறும் அந்த மனிதனின் பெயரில் சேர்கிறது. இதில் அரசாங்கத்தின் வருமானத்துக்கு ஒரு சதமும் போவதில்லை.

வரி என்றால் அது வேறு. முன்னர் 'உழைக்கும்போதே செலுத்தும் வரி' என்று ஒன்று சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 2020 ஜனவரியோடு அது நீக்கப்பட்டு, பின்னர் முற்பணத் தனிநபர் வருமான வரி என்ற பெயரில் வந்து, 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பளம் பெறுவோருக்கே அது விழும். நமது கடைத்தெருவில் அந்தச் சம்பளம் வாங்கும் சிப்பந்தி யார்? ஆக, முதலாளிமார் வரி என்று அஞ்சி ஒதுங்கியது வரியைக் கண்டல்ல. சிப்பந்தியின் பிந்திய கூலியைக் கண்டு.

சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. நமது வழக்கத்தை நேரில் பார்த்து எழுதியது போலிருக்கும். சேமலாப நிதிக்கான உழைப்பூதியத்தைக் கணக்கிடும்போது முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியையும், சமைத்ததானாலும் சமைக்காததானாலும், சேர்க்க வேண்டும் என்கிறது அது. "சாப்பாடு போட்டு வளர்த்தேனே" என்று முதலாளி சொல்வதைச் சட்டம் மறுக்கவில்லை. அந்தச் சோறும் கூலிதான், அதற்கும் பன்னிரண்டு வீதம் கட்டு என்கிறது. அப்படியே பயிலுநன், தற்காலிக வேலையாள், துண்டுக் கணக்குக்கு நெய்பவர் எல்லாரும் உள்ளடக்கம். குடும்ப உறுப்பினர் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்கு விலக்குண்டு. அதனால்தான் போலும், நமது ஊரில் தொழில் திணைக்கள உத்தியோகத்தர் வரும் நாளில் எல்லாச் சிப்பந்திகளும் மருமகன்களாகிவிடுகிறார்கள். பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் சேவை செய்தவனுக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பதினான்கு பேரோடு நின்றுவிடும் கடைகளின் இரகசியமும் இதுவே.

எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். புடைவைக் கடையொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். கையால் தடவியே துணியின் தரம் சொல்வார். முதலாளி நல்ல மனிதர். மகள்மாரின் கலியாணத்துக்கெல்லாம் கொடுத்தார். அவர் மௌத்தானதும் பிள்ளைகள் கடையைப் பங்கிட்டார்கள். சொத்துப் பங்கீட்டில் ஒவ்வொரு கடன்காரரின் சிட்டையும் எடுத்துப் பார்க்கப்பட்டது. கொழும்பு மொத்த வியாபாரிக்கு ஒரு சதம் குறையாமல் தீர்க்கப்பட்டது. இவருடைய பெயர் எந்தச் சிட்டையிலும் இல்லை. "வாப்பா உங்களுக்கு ஏதும் சொன்னவரா?" என்று மூத்தவன் கேட்டான். அவன் கெட்டவனுமல்லன். கேட்பதற்கு அவனிடம் வேறு வழி இருக்கவில்லை. அந்த மனிதர் "இல்ல மகன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பின்னர் பள்ளிவாசல் ஸகாத் பட்டியலில் அவருடைய பெயர் ஏறியது. அந்தக் கடைக்காரர்களின் ஸகாத்தும் அந்த நிதியில் சேர்ந்தது. கொடுக்க வேண்டிய கூலிக்கு ஈடாக ஸகாத்தைக் கழிக்க முடியாது என்று ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேண்டுமென்றே யாரும் கழிக்கவில்லை, எழுதாததால் கழிந்துவிட்டது.

வியர்வையும் கூலியும் பற்றிய நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஜும்ஆவில் வருடத்துக்கு நான்கு தரமாவது கேட்கிறோம். ஆனால் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பலர் தடுமாறுவர். அல்பகராவின் 282ஆம் வசனம் அது. தவணைக் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவனையும் சாட்சிகளையும் பற்றியது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்காதிருப்பதைப் பற்றியது. மூஸா நபி (அலை) மத்யனில் வேலைக்கு அமர்ந்தபோதும் எட்டு வருடமா, பத்து வருடமா என்று தவணை பேசித்தான் அமர்ந்தார். சூரத்துல் கஸஸில் இருக்கிறது. கூலியும் தவணைக்குத் தவணை நிலுவையாகும் கடன்தான். அன்று களத்தில் சாட்சி இருந்தது. கடைக்குச் சட்டம் கொடுத்த சாட்சி சம்பளக் கொப்பி.

வட்டிப் பிரச்சினையை எழுப்புவோரும் உண்டு. சேமலாப நிதி வருடந்தோறும் வட்டி சேர்க்கிறது. ஆகவே அதில் சேர மாட்டோம் என்கிறார்கள். இது நேர்மையான கேள்வி, ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் கேள்வி யாருடையது? எட்டும் பன்னிரண்டும் கூலி, அதில் ஐயமில்லை. அதன்மேல் சேர்வதை எடுக்கலாமா, ஏழைக்குக் கொடுத்துவிடலாமா என்பது சிப்பந்தி ஆலிமிடம் போய்க் கேட்க வேண்டியது. அவனுடைய ஈமானைக் காப்பதாகச் சொல்லி அவனது முதலையே முதலாளி தன் லாச்சியில் வைத்துக்கொள்வது என்ன மார்க்கம்?

வாவிக்கரையில் இந்தச் சட்டங்கள் முழுதாக நடைமுறைப்பட்ட இடங்களும் இருந்தன. 1950களில் வாழைச்சேனையில் எழுந்த காகித ஆலை அவற்றுள் முதன்மையானது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகத்தாரும் அங்கே வேலை செய்தனர். ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் சம்பளத் துண்டு என்ற காகிதத்தை மாதந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் தலைமுறை அது. ஆலை பிற்காலத்தில் நொடிந்தது, மூடியது, மீண்டும் திறக்கும் பேச்சு பலமுறை வந்தது. அது தனிக் கதை.

போர் வந்தபோதுதான் கொப்பியின் பெறுமதி தெரிந்தது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் 11, 12ஆந் திகதிகளில் ஏறாவூரிலும் நடந்தவற்றை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. அதன் பின்னர் படுவான்கரை வயல்கள் போடிமாரின் கைக்கு எட்டாமற் போயின. முஸ்லிம் கடைகளில் நின்ற தமிழரும் தமிழர் வயல்களில் நின்ற முஸ்லிம்களும் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்தனர். களத்தின் சாட்சிகள் அக்கரைக்கும் இக்கரைக்குமாகச் சிதறினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து, மிச்சமிருந்த பேரேடுகளையும் கொண்டுபோயிற்று. ஊரிலுள்ள கொப்பி எரியும், நனையும். ஆனால் அங்கத்துவ இலக்கம் பெற்றவனின் கணக்கு கொழும்பிலும் இருந்தது. கடை போனாலும் முதலாளி போனாலும் அவனுக்கோ அவனது மனைவி மக்களுக்கோ கேட்பதற்கு ஓரிடம் மிஞ்சியது. இலக்கம் பெறாதவனுக்கு அதுவுமில்லை.

கொழும்பில் இருப்பதெல்லாம் பத்திரமென்றும் சொல்ல மாட்டேன். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் சேமலாப நிதியில் கைவைக்கும் என்று அஞ்சிக் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். மே 30இல் பொலிஸார் சுட்டதில் காயமடைந்த ரொஷேன் சானக்க என்ற இளைஞர் உயிரிழந்தார், சட்டமூலம் கைவிடப்பட்டது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது, அதில் சேராவிட்டால் 30 வீத வரி என்ற நிபந்தனையின் கீழ் சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டன. வங்கிகளின் முறிகளைத் தொடாதவர்கள் தொழிலாளியின் முறிகளைத் தொட்டார்கள் என்ற கண்டனம் சரியானதே. முதலாளியைக் கேட்கும் வாய் அரசையும் கேட்க வேண்டும். ஆனால் தன் சிப்பந்திக்கு ஒரு மாதமும் கட்டாத முதலாளி இதை நியாயமாகக் காட்டுவது பொருந்தாது. கழித்துவிட்டுக் கட்டாமலிருப்பவரோ இன்னும் மோசம். பிந்திக் கட்டினால் தாமதத்துக்கேற்ப ஐந்து முதல் ஐம்பது வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். அதையும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம்.

சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. வீட்டு வேலையாளைச் சேமலாப நிதி ஏற்கவில்லை. 1980கள் தொடக்கம் நமது ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் அங்கும் அந்நாட்டுத் தொழிற்சட்டங்களுக்கு வெளியேதான் பெரும்பாலும் நின்றார்கள். பத்துக்குக் குறைந்தோர் வேலை செய்யும் தரும நிறுவனங்களுக்கும் விலக்குண்டு. நமது பள்ளிவாசல்களில் பேஷ் இமாமும் முஅத்தினும் குர்ஆன் மத்ரஸா லெப்பையும் சேர்ந்தால் எத்தனை பேர் வருவார்கள்? அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். இருபத்தைந்து வருடம் பாங்கு சொன்னவர் குரல் தளர்ந்து ஓயும் நாளில் ஜமாஅத்தார் துண்டு விரித்து வசூலிக்கிறார்கள். விலக்கு என்றால் கட்டத் தேவையில்லை என்றுதான் பொருள். தாமாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து கொடுக்கக் கூடாது என்றல்ல.

கிராமத்து ஆசிரியனிடம் எல்லாப் படிவமும் வரும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சமுர்த்தி எல்லாவற்றுக்கும் பிறகு, அண்மைக் காலமாகச் சேமலாப நிதிப் படிவமும் வரத் தொடங்கியிருக்கிறது. வந்தவர்களுள் ஒருவர் ஏறாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்காரர். மகன் கணக்கியல் படித்துவிட்டு வந்து வற்புறுத்தியதால் வந்ததாகச் சொன்னார். ஏழு பேருக்குப் பதிய வேண்டும். ஆறு பேரின் விபரம் எழுதியாயிற்று. ஏழாவது ஆள் ஆலையில் பத்தொன்பது வருடமாக மூட்டை தூக்குபவர். "பேர் என்ன?" என்றேன். "கட்டையன்" என்றார். "அது பட்டப்பெயர். அடையாள அட்டையில் உள்ள பெயர்?" ஆலைக்காரர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னர் தொலைபேசியை எடுத்து ஆலைக்கு அழைத்து, "அவன்ட பேர் என்னண்டு அவன்டயே கேட்டுச் சொல்லு" என்றார். மறுமுனையில் எந்திரச் சத்தத்துக்கு மேலாக யாரோ உரக்கக் கேட்பது கேட்டது. சற்று நேரத்தில் பதில் வந்தது. நீளமான, அழகான பெயர். கூட்டில் அடங்காமல் இரண்டு வரியாக எழுதினோம்.